மேற்கே மலை

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு மேற்கே மலை இருந்தால்தான் திசை பிடிபடும். சாயங்காலம் வானம் வெளிச்சமாகவே இருக்கும். ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, தோட்டம் முழுக்க நிழல் விழுந்துவிடும். மழைக்கும் அதே கணக்குத்தான். தேக்கடியிலும் குமுளியிலும் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழை, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது சாரலாகிவிடும். தண்ணீர் முல்லைப் பெரியாற்றிலிருந்து வர வேண்டும். வெயில் தானாக வரும். கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி என்று பள்ளத்தாக்கு நெடுகத் திராட்சைப் பந்தல்கள் நிற்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

வேலை கிடைத்து ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்குத் திசையே இல்லாமல் இருந்தது. ரைன் ஆற்றுச் சமவெளி அப்படியொரு தட்டை. தொழிற்சாலைப் புகைபோக்கிகள், டிராம் வண்டிகள், ஒரே மாதிரி தெருக்கள். அலுவலகத்தின் மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் மட்டும், தெளிவான நாட்களில், மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும். அது என்ன என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். அறுபதை நெருங்குகிறவர், அந்தப் பக்கத்துக்காரர். "ஹார்ட் மலை. அதன் காலடி முழுக்கத் திராட்சை" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உன்னிடம் சைக்கிள் இருக்கிறதா?" என்றும் கேட்டார். அப்படித்தான் அவர் என் சைக்கிள் நண்பரானார்.

அவர் சொன்ன இடத்துக்கு ஃபால்ட்ஸ் என்று பெயர். ஜெர்மனியில் திராட்சை பயிராகும் பகுதிகளில் பரப்பளவில் இரண்டாவது. 23,000 ஹெக்டேருக்கு மேல். மலைக்கு மேற்கே, அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மேகங்கள் காட்டின் மேலேயே பெரும்பாலும் பெய்துவிடுகின்றன. கிழக்குச் சரிவின் அடிவாரத்தில் மழை குறைவு, வெயில் அதிகம். ஆண்டுக்குச் சுமார் 1,800 மணி நேரம் வெயில் என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த நாட்டுக்கு அது பெரிய விஷயம். வீட்டு வாசலில் அத்தி மரம் நிற்கிறது. மார்ச் மாதத்தில் பாதாம் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன. மேற்கே மலை, கிழக்குச் சரிவில் கொடி, சாயங்காலம் சீக்கிரம் விழுகிற நிழல். முதன்முதலாக நொய்ஸ்டாட் ரயில் நிலையத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

நான் வாங்கியது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, ஒருவர் ஓட்டிக் கழித்த மவுண்டன் பைக். டயர் தடிமன், கியர் சின்னது, டிஸ்க் பிரேக். மலையேற அது போதும். நொய்ஸ்டாட் நகரம் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் முதலில் போகும் ஹோஹெ லோக் குன்று 619 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. கொடைக்கானல் போகிற பஸ் இந்த உயரத்தை ஏறும்போது பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மிதித்து ஏறுகிறவனுக்குத்தான் ஒவ்வொரு மீட்டரும் தனித்தனியாகத் தெரியும்.

கால்டன்ப்ரூனர் பள்ளத்தாக்கு வழியாக அகலமான காட்டுப் பாதை ஏறும். மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட பாதை. பேசிக்கொண்டே மிதிக்கலாம். மேலே போகப் போகப் பாதை குறுகி, பீச் மரங்களும் பைன் மரங்களும் நெருங்கி, தரை சிவப்பாகிவிடும். இந்த மலை முழுக்கச் செந்நிற மணற்பாறை. பாறை உதிர்ந்து உதிர்ந்து மணலாகிக் கிடக்கிறது. மழை பெய்த மறுநாளே வண்டி ஓட்டலாம். தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அந்த வசதிக்குக் கோடையில் விலை கொடுக்க வேண்டும். காய்ந்த மணலில் பின்சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்தால் பின்சக்கரம் பிடி விடும். பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் மேலே தூக்கும். இரண்டுக்கும் நடுவில் சீட்டின் முனையில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, மூச்சைச் சீராக விட்டபடி மிதிக்க வேண்டும். வேர்கள் குறுக்கே கிடக்கிற இடத்தில் அந்தச் சமநிலையும் போய்விடும். "வேரைப் பார்க்காதே, வேருக்கு அப்பால் பார்" என்று நண்பர் பின்னாலிருந்து கத்துவார். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும் என்பது மலைச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் சொல்கிற பாலபாடம். தெரிந்திருப்பது வேறு, வேரைப் பார்க்காமல் இருப்பது வேறு.

நாங்கள் நாக்குத் தள்ளி மிதித்துக்கொண்டிருக்கும்போது, மின்சார மோட்டார் வைத்த மவுண்டன் பைக்கில் எழுபது வயதுத் தம்பதியர் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். இது இப்போது சாதாரணம். நண்பருக்கு அது பொறுக்காது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அந்த வயதில் அந்த உயரத்தில் காற்று வாங்க ஒரு மோட்டார் உதவினால் உதவட்டுமே.

ரைனுக்குக் கிழக்கே இருக்கிற பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில், காட்டில் 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் ஹைடல்பர்க் பக்கத்து இளைஞர்கள் ஆற்றைத் தாண்டி இந்தக் காட்டுக்கு வருகிறார்கள். இங்கே இரண்டு மீட்டர் என்ற அளவுகோல் இல்லை. ஆனாலும் குறுகிய தடத்தில் எதிரே நடந்து வருகிறவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, அவர்களைப் போகவிட்டுத்தான் நகர வேண்டும். அதைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. நண்பரின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஹோஹெ லோக் உச்சியில் ஒரு விடுதி இருக்கிறது. விடுதி என்றால் தங்கும் அறைகளை நினைக்க வேண்டாம். காட்டுக்கு நடுவே ஒரு கல்வீடு, வெளியே நீளமான மரப் பெஞ்சுகள், உள்ளே ஒரு கவுண்டர். இந்த மலையில் இதுபோல நிறைய உண்டு. பலவற்றை நடத்துவது 1902இல் தொடங்கிய ஃபால்ட்ஸ் காட்டுச் சங்கம். சமைப்பவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், கல்லாவில் நிற்பவர்கள் எல்லோரும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத சங்க உறுப்பினர்கள். வரிசையில் நின்று, வாங்கி, தானே தட்டை எடுத்துப் போய், இடம் இருக்கிற பெஞ்சில் உட்கார வேண்டும். ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். ஜெர்மானியர் பேச மாட்டார்கள் என்று எனக்கு யார் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னவர்கள் எவரும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

சாப்பாடு மலைக்காரர்களின் சாப்பாடு. ஈரல் உருண்டை, பன்றி இரைப்பைக்குள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்து வேகவைத்து வறுத்த துண்டு, ரொட்டி. எனக்குப் பிடித்தது வெங்காயம் கலந்த வெள்ளைத் தயிர்க்கட்டி. கொஞ்சம் மிளகு தூக்கலாகப் போட்டால் ஊர் ஞாபகம் வந்துவிடும். குடிக்க அரை லிட்டர் கண்ணாடித் தம்ளரில் ஷோர்லெ. ரீஸ்லிங் ஒயினில் சோடா கலந்தது. பேச்சுக்குத்தான் சோடா. தம்ளரின் மேல் முழுக்க வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கும். டுர்க்ஹைம் ஊர்ச் சந்தையின் இறைச்சிக் கடைக்காரர்கள், கொழுப்புப் படிந்த கையிலிருந்து தம்ளர் வழுக்காமல் இருக்கக் கேட்டுச் செய்ததாம். உண்மையோ கதையோ, வேர்த்து விறுவிறுத்த சைக்கிள்காரன் கைக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. அந்தத் தம்ளரை நாலு பேர் இருக்கிற மேசையில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிக் குடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. எச்சில் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் தயக்கமாக இருந்தது. எதிரே இருந்த பாட்டி தம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு ஒரு பார்வை பார்த்தாரே, அதற்கு மேல் தயங்க முடியவில்லை. இந்தப் பெஞ்சுப் பழக்கத்தை எல்லாம் சேர்த்து 2021இல் நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். அவசியமான காரியம்தான். சங்கத்துக்கு இளைஞர்கள் வருவது குறைந்துகொண்டே போகிறது என்று கல்லாவில் இருந்தவர் சொன்னார்.

அங்கிருந்து முதுகுத்தடத்திலேயே போனால் கால்மிட். 673 மீட்டர்; இந்தக் காட்டின் மிக உயர்ந்த இடம். கிழக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற வரை சமவெளி. ஷ்பையர் தேவாலயத்தின் கோபுரங்கள், லுட்விக்ஸ்ஹாஃபன் ரசாயன ஆலைகளின் புகை, அதற்கும் அப்பால் ஓடன்வால்ட் மலை. முன்பெல்லாம் ஃபிலிப்ஸ்பர்க் அணுமின் நிலையத்தின் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள்தான் அடையாளம். அவற்றை வைத்தே மற்ற ஊர்களைக் காட்டுவார் நண்பர். 2020 மே மாதம் அவற்றை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போதும் அவர் விரல் முதலில் அந்த வெறும் இடத்துக்குப் போய்விட்டுத்தான் மற்ற பக்கம் திரும்புகிறது.

நாம் நிற்கிற மலையும் எதிரே தெரிகிற ஓடன்வால்டும் ஒரு காலத்தில் ஒரே மேட்டுநிலம். நடுவில் பூமி பிளந்து இறங்கியது. இறங்கிய பள்ளத்தில் பிற்பாடு ரைன் ஓடியது. பிளவின் ஓரத்தில் அடுக்கடுக்காக உடைந்து சரிந்த பாறைகள்தான் இந்த அடிவாரம். அதனால் ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் மண் வேறு. இங்கே மணல், அங்கே சுண்ணாம்பு, இன்னும் தள்ளிக் களிமண், காற்று கொண்டுவந்து சேர்த்த வண்டல். திராட்சைக்காரர்கள் ஒயினை நாக்கில் வைத்து மண்ணைச் சொல்வார்கள். எனக்கு அந்த நாக்கு இல்லை. ஆனால் சைக்கிள் டயர் சொல்கிறது. மணலில் சரசரக்கும், சுண்ணாம்பில் தடதடக்கும், ஈரக் களிமண்ணில் டயர் தடித்துச் சக்கரமே சுற்றாது.

இறங்குவதற்காகத்தான் எல்லோரும் ஏறுகிறோம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். கால்மிட்டின் தெற்கே ஒரு முகட்டில் பெரும் பெரும் பாறைகள் உருண்டு குவிந்த இடம் ஒன்று உண்டு, பாறைக்கடல் என்பார்கள். அதில் நான் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். வெட்கமில்லை. அதைத் தாண்டியதும் சீட்டைத் தாழ்த்தி, மிதியின் மேல் எழுந்து நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு விரல் மட்டும் பிரேக்கில் வைத்து விட்டால், பாதை தானாகக் கீழே இழுத்துக்கொண்டு போகும். பைன் மரங்களின் நடுவே ஊசியிலை மெத்தை, சத்தமே வராது. திடீரென்று மரம் மாறும். இலை அகலமாகி, வெளிச்சம் கூடி, கீழே முள்பந்துகள் உருளத் தொடங்கும். கஷ்கொட்டை மரங்கள். ரோமானியர்கள் கொண்டுவந்து நட்டது என்று சொல்கிறார்கள். அக்டோபரில் இந்தப் பகுதியில் வேகமாக ஓட்ட முடியாது. முள்பந்தின் மேல் ஏறினால் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். அதைவிட, பை எடுத்துக்கொண்டு குனிந்து பொறுக்குகிறவர்கள் பாதை முழுக்க இருப்பார்கள்.

காட்டின் கீழ் விளிம்பில் மட்டும் ஏன் இந்த மரம் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. தின்பதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன். நண்பர் ஒரு பழைய கொட்டகையின் பின்னால் அழைத்துப்போய், சாம்பல் நிறத்தில் அடுக்கியிருந்த கழிகளைக் காட்டினார். கஷ்கொட்டைக் கட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம். மண்ணில் நட்டால் லேசில் மக்காது. கொடிக்கு முட்டுக்கழி இந்த மரத்திலிருந்துதான் வெட்டுவார்களாம். மலையடிவாரத்தில் தோட்டம், தோட்டத்துக்கு மேலே அதற்குக் கழி தரும் மரம், அதற்கு மேலே மழையைத் தடுக்கும் காடு. இப்போது இரும்புக் கம்பமும் கம்பியும் வந்துவிட்டன. எங்கள் ஊரில் கல்தூண் நட்டுக் கம்பி இழுப்பார்கள். அந்தக் கொட்டகையில் ஒரு கழியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நுனி சீவி, அடி கறுத்து, இரும்பு மாதிரி கனத்தது.

காட்டின் கடைசி மரத்துக்கும் கொடியின் முதல் வரிசைக்கும் இடையில் பத்தடிகூட இருக்காது. அந்தப் பத்தடியில் காற்று மாறும். காட்டுக் குளிரிலிருந்து வெளியே வந்ததும் முகத்தில் சூடு அடிக்கும். அதற்குப் பிறகு தோட்டத்து கான்கிரீட் பாதைதான். ஐம்பதுகள் தொடங்கிப் பல பத்தாண்டுகளாக, சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துப் பங்கு பிரித்து, டிராக்டர் போக இந்தப் பாதைகளைப் போட்டிருக்கிறார்கள். சைக்கிள்காரருக்கு இது இரவல் பாதை. அறுவடைக் காலத்தில் வரிசையின் மேலே கால் பரப்பி நிற்கிற அறுவடை இயந்திரம் எதிரே வந்தால் புல்லில் இறங்கி நிற்க வேண்டியதுதான். செப்டம்பரில் இன்னொரு தொல்லை: பறவைக் கூட்டத்தை விரட்ட வைத்த எரிவாயு வெடி. பக்கத்தில் திடீரென்று வெடித்தால் ஹேண்டில்பார் கையை விட்டுப் போகும்.

கீழே கிராமங்கள். சங்க்ட் மார்ட்டின், ஈடன்கோபன், ரோட் உன்டர் ரீட்பர்க். சுற்றுலாக் கையேடுகள் இவற்றை இடைக்காலத்துக் கிராமங்கள் என்று எழுதும். சைக்கிளில் மெதுவாகப் போகிறவனுக்கு வீட்டு வாசல் வளைவில் செதுக்கிய ஆண்டுகள் கண்ணில் படும். பெரும்பாலும் 1700க்குப் பிந்தியவை. 1689இல் பிரான்சின் பதினான்காம் லூயியின் படை இந்தப் பகுதியை எரித்துக்கொண்டே போனது; ஷ்பையர், வோர்ம்ஸ், மன்ஹைம், ஹைடல்பர்க் எதுவும் தப்பவில்லை. அந்தக் காலத்துப் போர்கள் தீர்த்துவிட்டுப் போன இடத்தில் திரும்பக் கட்டிய வீடுகள்தான் பல. செங்கல் நிற மணற்கல் வளைவு, வைக்கோல் வண்டி போகிற அகலம், நடுக்கல்லில் கொடிவெட்டும் கத்தியோ திராட்சைக் குலையோ, கீழே ஆண்டு, கணவன் மனைவி இருவர் பெயரின் முதல் எழுத்துகள். மனைவியின் பெயரும் கல்லில் இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ரோட் கிராமத்தில் ஒரு சின்னத் தோட்டத்துக் கொடிகள் முப்பதாண்டுப் போருக்கும் முன்னால், கிட்டத்தட்ட 400 ஆண்டுகளுக்கு முன் நட்டவை என்கிறார்கள். அடி என் தொடை அளவு பருமன். முறுக்கி முறுக்கிப் பட்டை உரிந்து கிடக்கிறது. இன்னும் காய்க்கிறது.

இந்தக் கிராமங்களை இணைத்துச் செல்லும் சாலைக்கு ஜெர்மன் ஒயின் சாலை என்று பெயர். சுமார் 85 கிலோமீட்டர். எல்லாத் திருப்பத்திலும் திராட்சைக் குலை வரைந்த பலகை. பார்க்க வெகு அழகு. இதைத் திறந்தது 1935இல் நாஜிகள். அதற்கு முந்தைய ஆண்டு அமோக விளைச்சல். வாங்கி விற்க ஆளில்லை. காலங்காலமாக இங்கே ஒயின் வணிகம் செய்துவந்த யூத வியாபாரிகளை அவர்களே விரட்டியடித்திருந்தார்கள். தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்குச் சுற்றுலாச் சாலை. 1940 அக்டோபரில் ஃபால்ட்ஸ், பாடன், சார் பகுதிகளில் மிச்சமிருந்த யூதர்கள் 6,500 பேருக்கு மேல் பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். நண்பர் இதைச் சாலையோரத்தில் சக்கரத்துக்குக் காற்றடித்தபடி சொன்னார். எங்கள் பள்ளியில் இதைச் சொல்லித் தரவில்லை, நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன் என்றார். அந்தப் பலகையில் வரைந்திருக்கிற குலையைப் பார்த்தால் எனக்கு இப்போது அந்த நினைப்பும் கூடவே வருகிறது.

இன்னொரு கதை ஹாம்பாக் கோட்டையில். நொய்ஸ்டாட்டுக்கு மேலே, எங்கள் ஏற்றத்தின் ஓரத்தில் இருக்கிறது. 1832 மே 27 அன்று இருபது முப்பதாயிரம் பேர் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடி பிடித்து அந்தக் குன்றின் மேல் ஏறினார்கள். பேச்சுரிமையும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் வேண்டும் என்றார்கள். இன்றைய ஜெர்மன் கொடியின் கதையில் அந்த நாள் தவறாமல் வரும். பாடநூல்கள் பேச்சாளர்களைத்தான் நினைவு வைத்திருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் டுர்க்ஹைம் திராட்சை விவசாயிகள் ஒரு கறுப்புக் கொடியும் கொண்டுபோனார்கள், நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம் என்று எழுதி. அப்போது இந்தப் பகுதி பவேரியாவின் ஆட்சியில் இருந்தது. வரி ஒருபக்கம், அண்டை நாடுகளின் சுங்கம் இன்னொரு பக்கம். சரக்கு எல்லை தாண்ட முடியவில்லை. சுதந்திரம் கேட்டவர்களோடு, விலை கேட்டவர்களும் அந்த மலை ஏறியிருக்கிறார்கள். அதே ஏற்றத்தில் சின்ன கியரில் மிதித்துக்கொண்டு போகும்போது எனக்கு இரண்டாவது கூட்டத்தோடு கொஞ்சம் உறவு கூடுதல். திராட்சை கிலோ இத்தனை ரூபாய்க்குக் கீழே போனால் எங்கள் வீட்டில் அன்றைக்குப் பேச்சு நின்றுவிடும்.

பிப்ரவரியில் காட்டுத்தடம் உறைந்து கிடக்கும். அப்போது தோட்டப் பாதையிலேயே சுற்றுவோம். அப்படி ஒருநாள், தனியாக நின்று கவாத்து செய்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். மின்சாரக் கத்தரி, முதுகில் பேட்டரி. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போன வருடத்துக் கிளைகளையெல்லாம் வெட்டிவிட்டு ஒன்றே ஒன்றை நிறுத்தினார். அதில் பத்து மொட்டுபோல விட்டு, நுனியை நறுக்கி, மெதுவாக வளைத்து, கீழ்க்கம்பியில் படுக்கவைத்துக் கட்டினார். வளைக்கும்போது நெரியும் சத்தம் கேட்டது, உடையவில்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று அவர் கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. அதே கட்டைவிரலை நான் வேறொரு தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊரிலும் திராட்சைதான் என்று சொன்னதும் கத்தரியை நிறுத்தினார்.

தலைக்கு மேல் பந்தல் போட்டு அதில் கொடியைப் பரப்புவோம், குலைகள் கீழே தொங்கும், நிமிர்ந்து கை தூக்கித்தான் கவாத்து செய்வோம் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். கவாத்து முடித்துத் தண்ணீர் விட்டால் மொட்டு எழும்பிவிடும், வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும் என்றதை அவர் நம்பவில்லை. இங்கே கொடி நவம்பரில் தூங்கப்போனால் ஏப்ரலில்தான் கண் விழிக்கும். "உங்கள் கொடி எப்போது ஓய்வெடுக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. என்ன ரகம் என்றார். கம்பம் பன்னீர், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கறுப்புத் திராட்சை, புத்தகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஹாம்பர்க்கில் கொடி எங்கே இருக்கிறது என்றார். ஆனால் அவருக்கு அந்த ரகத்தின் வம்சம் தெரிந்திருந்தது: ஒரு பக்கம் அலெக்சாண்ட்ரியா மஸ்கட், மறுபக்கம் ட்ரோலிங்கர். ட்ரோலிங்கர் பக்கத்து மாநிலத்தில் இன்றைக்கும் விளைகிற ரகம். "அப்படியானால் நீ எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

தெற்கே போகப் போக மலை சற்று ஒதுங்கி, கிராமங்கள் சின்னதாகி, ஷ்வைகனில் நாடு முடிகிறது. 1936இல் கட்டிய ஒயின் வாசல் என்ற பெரிய கல்வாயில் ஒன்று நிற்கிறது. எனக்கு அதன் மேல் மரியாதை கிடையாது. அதைத் தாண்டி நூறு மிதி மிதித்தால் பிரான்ஸ். ஷ்வைகன் விவசாயிகளின் தோட்டங்களில் பெரும்பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. பிரெஞ்சு மண்ணில் விளைந்து, ஜெர்மன் ஒயினாகப் புட்டியில் ஏறுகிறது. இரண்டு போர்களில் பீரங்கி போன இடம். இப்போது பாதையின் நிறம் மாறுவதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. பிரான்ஸ் பக்கத்து விசம்பூர் நிலையத்தில் சைக்கிளை ரயிலில் ஏற்றித் திரும்பிவிடலாம்.

அப்பா வந்தது ஒரு ஆகஸ்டில். அவரை எங்கெங்கோ கூட்டிப்போனேன். கோட்டைகளிலும் தேவாலயங்களிலும் நாற்காலி தேடினார். கடைசியில் அந்தக் கவாத்துக்காரரின் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நான் சைக்கிளில் முன்னாலேயே போய் நின்றேன். இறங்கியதும் முதலில் வண்டியைத்தான் பார்த்தார். "கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல. இதுல என்னத்தக் கொண்டு போறது?" என்றார். கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்து, கியரைத் தொடாமல், வரிசைகளுக்கு நடுவே கான்கிரீட்டில் ஒரு நடை போய்த் திரும்பினார். இறங்கி வந்தபோது முகம் சரியில்லை.

"ஏய்யா, என்னய்யா இது, காய வெட்டிக் கீழ போட்டிருக்காக?"

வரிசை நெடுக, பச்சைக் குலைகள் புல்லில் கிடந்தன. நோயில்லை, பூச்சியில்லை, திரண்ட காய். குனிந்து ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டக்காரர் அதற்குள் வந்துவிட்டார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னேன். குலையைக் குறைத்தால்தான் மிச்சம் இருக்கிற பழத்தில் சாறு கெட்டிப்படும், அதற்காக வெட்டுகிறோம் என்றார். அதோடு, ஹெக்டேருக்கு 105 ஹெக்டோலிட்டருக்கு மேல் எடுத்தால் அதைத் தர ஒயின் என்று விற்க விடமாட்டார்கள் என்றும் சொன்னார். ஒரு ஹெக்டோலிட்டர் நூறு லிட்டர். அப்பா மனசுக்குள் ஏக்கருக்கு மாற்றிக் கணக்குப் போட்டார்.

"வெளைஞ்சா குத்தமா? அப்ப பழமா வித்துட வேண்டியதுதான?"

இதை யாரும் பழமாகத் தின்ன மாட்டார்கள், சின்னது, தோல் தடிமன், உள்ளே விதை என்றார் தோட்டக்காரர். அப்பா சமாதானமாகவில்லை. வரிசையின் ஓரத்தில் இலையைத் திருப்பினார். அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. "அடிச்சாம்பல்" என்றார், என்னைப் பார்க்காமல். தோட்டக்காரரும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இதற்கு என்ன அடிப்பீர்கள் என்று அவர் கேட்டதை நான் மாற்றிச் சொல்வதற்குள், அப்பா போர்டோ கலவை என்றார். போர்டோ என்ற சொல் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அப்புறம் நான் தேவைப்படவில்லை. அப்பா ஒரு விரலைக் காட்டி மயில்துத்தம், இன்னொரு விரலைக் காட்டிச் சுண்ணாம்பு, பிறகு இரண்டு கையையும் விரித்துத் தண்ணீர் நூறு லிட்டர் என்றார். தோட்டக்காரர் கண்ணைச் சுருக்கி, தன் தாத்தா காலத்து அளவும் அதுதான் என்று சொல்லி, பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு பலகையில் எழுதிக் காட்டினார். இப்போது அப்படி நினைத்தபடி அடிக்க முடியாது, ஏழு ஆண்டுக்குச் சேர்த்து ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம்தான், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க உச்சவரம்பு, ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார்.

இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா கையில் இருந்த குலையைக் கீழே போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்துக்குமா?" என்றார்.